தர்மாஸ்பத்திரி

என் பால்யத்தில், அதாவது 1960-களின் நடுப்பகுதியில், சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எவருக்கேனும் காய்ச்சலோ வயிற்றுவலியோ கண்டு, அது இரண்டு நாள் கஷாயத்துக்கும் பற்றுக்கும் அடங்காமல் போனால், மூன்றாம் நாள் காலையில் வீட்டிலுள்ள காலிச் சீசா ஒன்றைத் தேடியெடுத்துக் கழுவித் துடைத்து, காகிதத்தைச் சுருட்டி அதற்கு அடைப்பான் செய்து, கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் நடந்துபோகும் இடத்துக்குத் தர்மாஸ்பத்திரி என்று பெயர். கட்டிடம் சர்க்கார் கட்டியது; டாக்டருக்குச் சம்பளம் சர்க்கார் கொடுத்தது; மேசைமேல் பெரிய ஜாடியில் நின்ற சிவப்பு மிக்சரும் சர்க்கார் கஜானாவிலிருந்து வந்ததுதான். இருந்தும் அதைச் சர்க்கார் ஆஸ்பத்திரி என்று சொன்னவர்கள் எங்கள் ஊரில் வாத்தியாரும் தபால்காரரும் மட்டுமே. மற்ற ஜனங்கள் அனைவருக்கும் அது தர்மாஸ்பத்திரி.

எனக்கு எட்டு வயதாயிருந்தபோது நடந்த ஒரு சிறு சம்பவம் அறுபது ஆண்டுகள் சென்றும் மனத்தை விட்டு அகலவில்லை. காய்ச்சலோடு இருந்த என்னை அம்மா அங்கே அழைத்துப் போயிருந்தாள். மூன்று நாளைக்கு, காலை ஒரு வேளை மாலை ஒரு வேளை என்று டாக்டர் சீட்டில் எழுதினார். கம்பவுண்டர் சீசாவில் மருந்தை ஊற்றி, வேளைக் கணக்குக்காக ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத் துண்டு ஒன்றை அதன் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுத்தார். அப்போதுதான் கணக்குப் படிக்கத் தொடங்கியிருந்த பிள்ளையின் உற்சாகத்தோடு நான் அதை எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணு நாளைக்கு ஆறு வேளைல்லா வேணும், இதுல அஞ்சுதான இருக்கு?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். வாசல் தாண்டி வெயிலுக்கு வந்த பிறகு, கோபமாக அன்று, பயந்தவள்போலச் சொன்னாள்: "சும்மா கெடக்க மாட்டியால? தர்மத்துக்குக் குடுக்கத எண்ணிப் பாக்கக் கூடாது."

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்த பழமொழியைத்தான் அவள் தன் பாஷையில் சொன்னாள். அது பண்பான வாக்கு. ஒருவர் தம் பொருளிலிருந்து மனமுவந்து ஒன்றைக் கொடுக்கும்போது அதன் அளவையும் தரத்தையும் ஆராய்வது நன்றி கெட்ட செயலே என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் வைத்தியம் அத்தகைய தானந்தானா? ரோகம் வந்த மனிதனுக்கு அதைத் தீர்த்துக்கொள்ள வழி கிடைப்பது கொடுப்பவரின் தயவைப் பொறுத்த சலுகையா, அன்றி அவன் நிமிர்ந்து நின்று கேட்டுப் பெறவேண்டிய பாத்தியதையா? உலகமெங்கும் சட்டசபைகளிலும் நீதிமன்றங்களிலும் பெரும் பெரும் மேதைகள் விவாதிக்கும் இந்த விஷயம் எனக்கு அந்த ஐந்து பல் வெட்டிய காகிதத் துண்டிலிருந்துதான் ஆரம்பமாயிற்று. ஆதலால் அதைப் பற்றி நான் அறிந்ததையும் அநுபவித்ததையும் இங்கே சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் அந்தப் பெயரின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். சென்னையில் ஆங்கிலக் கம்பெனியார் 1664-ஆம் ஆண்டு ஜார்ஜ் கோட்டைக்குள் ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். இன்று சென்ட்ரல் ரயிலடிக்கு எதிரே ராஜீவ் காந்தியின் பெயர் தாங்கி நிற்கும் பெரியாஸ்பத்திரியின் மூலம் அதுதான். ஆனால் அது நகரத்து ஜனங்களுக்காக ஏற்பட்டதன்று. கம்பெனியின் படையில் நோயுற்ற வெள்ளைச் சிப்பாய்களுக்காக ஏற்பட்டது. வடசென்னையிலோ கதை வேறு. 1782-இல் பஞ்சம் வந்தபோது மணியக்காரர் சத்திரத்தில் பட்டினி கிடந்தோருக்குக் கஞ்சி ஊற்றினார்கள். 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற வைத்தியர் சுதேசிகளுக்கென்று தொடங்கிய மருத்துவ விடுதி அந்தச் சத்திரத்தோடு இணைந்து வளர்ந்து, பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியாயிற்று. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அந்தப் பக்கத்துப் பழைய மனிதர்கள் அதை நெடுங்காலம் அழைத்துவந்தார்கள். ஆக, ஒருபுறம் கம்பெனிச் சேவகனுக்குச் சலுகை; மறுபுறம் பரதேசிக்குக் கஞ்சியோடு சேர்த்துக் கொடுத்த பிச்சை. இவ்விரண்டு வாசல்கள் வழியாகத்தான் மேனாட்டு வைத்தியம் நம் ஊருக்குள் வந்தது. மூன்றாவது வாசல் ஒன்று உண்டென்று அந்தக் காலத்தில் எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

தர்மத்தை நான் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். தம் தங்கை புற்றுநோயால் துடித்து மாண்டதைக் கண்ணால் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், இதற்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு, செத்துப்போகிற ரோகத்துக்குச் செலவெதற்கு என்று கேட்டவர்களையெல்லாம் பொறுத்துக்கொண்டு, வீடு வீடாகவும் சபை சபையாகவும் நிதி திரட்டி, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிவைத்த புற்றுநோய் நிலையம் தர்மத்தின் விளைச்சல்தான். வியாசர்பாடியில் இரண்டு ரூபாய்க்குத் தொடங்கி ஐந்து ரூபாய் வரை மட்டுமே வாங்கிக்கொண்டு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வைத்தியம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மறைந்தபோது, அந்தப் பேட்டை முழுவதும் தன் வீட்டுத் துக்கமாக அழுததே, அதுவும் தர்மத்தின் பெருமைதான். இத்தகையவர்கள் இல்லாவிட்டால் உலகம் வறண்டுபோகும்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். ஐந்து ரூபாய் டாக்டர் வியாசர்பாடியில் இருந்தார், வியாசர்பாடிக்காரர்கள் பாக்கியசாலிகள். அவர் இல்லாத ஆயிரம் பேட்டைகளில் இருந்தவர்கள் செய்த பாபம் என்ன? தர்மத்துக்கு ஊர்க்கணக்கு கிடையாது. அது மகான் பிறந்த இடத்தில் பெய்யும், மற்ற இடத்தில் பெய்யாது. அது பெய்யாத இடத்தில் என்ன நேர்கிறது என்பதை எங்கள் வீட்டில் ஒரு குழி எனக்குக் கற்பித்தது.

என் தகப்பனார் கைத்தறி நெசவாளர். வீட்டுக்குள் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் அவர் உட்காருவார்; மற்றொன்றில் சித்தப்பா. 1984-ஆம் ஆண்டு மார்கழியில் ஓர் இரவு, வெகுநாளாக அவரை வாட்டிவந்த குடற்புண் ஓட்டை விழுந்து, வயிறு பலகைபோல் இறுகி, வலியில் பேச்சே இல்லாமல் சுருண்டுவிட்டார். மாட்டுவண்டியில் போட்டுச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டர் நல்ல மனிதர். வயிற்றைத் தொட்டுப் பார்த்தவுடனே விஷயத்தைப் புரிந்துகொண்டு, இது விடிவதற்குள் அறுக்க வேண்டியது, சர்ஜன் விடுப்பில் இருக்கிறார், மயக்க மருந்து கொடுப்பவரும் இல்லை என்று சொல்லி, கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். அங்கிருந்து வாடகைக் காரில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். அங்கே சர்ஜன் இருந்தார். மயக்க மருந்தும் இருந்தது. முன்பணம் கட்டினால்தான் உள்ளே எடுப்போம் என்ற விதியும் இருந்தது. அம்மாவின் கழுத்தில் கிடந்தது போதவில்லை. சித்தப்பா அந்த நேரத்தில் ஓடி, ஜவுளி முதலாளி ஒருவரை எழுப்பி, ஒரு தறியை விலைபேசிப் பணம் கொண்டுவந்து கட்டிய பிறகு, விடியற்காலை நான்கு மணிக்கு அப்பாவை உள்ளே எடுத்தார்கள்.

அவர் பிழைத்தார். அதன் பிறகு 19 ஆண்டுகள் இருந்தார். அறுத்த டாக்டரின் கைக்கு நான் இன்றும் கடமைப்பட்டவன். ஆனால் மறுவாரம் வந்து தறியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மரச்சட்டத்தைக் கொண்டுபோகலாம், குழியைக் கொண்டுபோக முடியாதல்லவா? அது வீட்டு நடுவில் அப்படியே கிடந்தது. அதில் விறகு போட்டுவைத்தோம். சித்தப்பா வேலை தேடித் திருப்பூர் போனவர் திரும்பி வரவில்லை; அங்கேயே தங்கிவிட்டார். வைத்தியச் செலவால் குடும்பங்கள் வறுமையில் விழுகின்றன என்று பொருளாதார சாஸ்திரிகள் எழுதுவதை வாசிக்கும்போதெல்லாம் விழுதல் என்ற சொல்லில் எனக்கு அந்தக் குழியே தெரிகிறது.

பிற்காலத்தில் சட்டப் புத்தகங்களைப் புரட்டும் வாய்ப்பு எனக்குக் கிட்டியபோது, எங்களைப்போல் அலைந்தவர்களின் கதைகள் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கின்றன என்பதை அறிந்தேன். ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் வாகனம் மோதி வீழ்ந்தார். அவரை எடுத்துச் சென்றவரிடம் பக்கத்து ஆஸ்பத்திரியில், இது போலீஸ் வழக்கு சம்பந்தப்பட்டது, இதற்கென்று அநுமதி பெற்ற ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். போகிற வழியில் அவர் உயிர் போயிற்று. பரமானந்த் கடாரா என்பவர் தொடுத்த அந்த வழக்கில் 1989-இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், சர்க்கார் டாக்டராயினும் தனியார் டாக்டராயினும் உயிரைக் காப்பதே முதற்கடமை, மற்றச் சடங்குகள் அதற்குப் பிறகுதான் என்று விதித்தது.

இரண்டாவது வழக்கு வங்காளத்தைச் சேர்ந்தது. 1992-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி மாலை, மதுராபூர் ரயில் நிலையத்தில் விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயம் பட்டார். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வசதி இல்லை. இரவோடிரவாகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கை காலியில்லை, அடுத்ததிலும் இல்லை, மற்றொன்றில் அந்தப் பிரிவே இல்லை. இப்படியே மறுநாள் முற்பகல் வரை ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அலைக்கழிந்து, கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்ந்து ஏறக்குறைய 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவர் சார்ந்திருந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1996-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி வந்த தீர்ப்பு, அரசியல் சாசனத்தின் 21-ஆவது ஷரத்து உறுதியளிக்கும் உயிர் வாழும் உரிமையில் தக்க சமயத்தில் வைத்தியம் பெறுவதும் அடங்கும் என்றும், அதை மறுத்ததற்காக அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் கூறியது. பணமில்லை என்பது சர்க்காருக்குச் சாக்காகாது. குற்றஞ்சாட்டப்பட்ட ஏழைக்கு வக்கீல் வைத்துக்கொடுக்கும் கடமையில் பணமுடையைச் சொல்லித் தப்ப முடியாது அல்லவா, அதேபோலத்தான் இதுவும் என்று நீதிபதிகள் விளக்கினார்கள்.

இந்த ஒப்புமையில்தான் நம் கேள்விக்கு விடையின் பாதி இருக்கிறது. வைத்தியத்தைப் பாத்தியதை என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் சொல்லும் முக்கியமான நியாயம் ஒன்றுண்டு. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. பேச்சுரிமையும் வழிபாட்டுரிமையும் பிறர் நம்மைத் தடுக்காதிருந்தாலே நிறைவேறிவிடும். வைத்தியமோ மற்றொருவரின் உழைப்பு. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கண்விழித்துப் படித்த ஒருவரின் நேரத்தையும் திறமையையும் இன்னொருவர் எப்படித் தம் பாத்தியதை என்று கோரலாம் என்று அவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் நீதி கேட்பவனுக்கு நீதிபதியின் உழைப்பு வேண்டும். வாக்களிப்பவனுக்குச் சாவடி அதிகாரியின் உழைப்பு வேண்டும். திருட்டுக் கொடுத்தவனுக்குப் போலீஸ்காரரின் உழைப்பு வேண்டும். அவர்களில் எவரையும் நாம் அடிமைகொள்ளவில்லை. சமுதாயம் முழுவதும் சேர்ந்து அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. நோயாளியின் கோரிக்கையும் தனி டாக்டர் ஒருவரை நோக்கியதன்று. எல்லோருமாகச் சேர்ந்து நாம் அமைத்துக்கொண்ட ராஜ்யத்தை நோக்கியது.

ஆதலால்தான் ராஜ்யம் தன் பங்கைக் கொடுக்காமல் டாக்டரின் தலையில் பாரத்தைக் கட்டிவிட்டால் அது நியாயமாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ராஜஸ்தான் சட்டசபை, இந்தியாவிலேயே முதன்முதலாக ஆரோக்கிய உரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஆபத்தான நிலையில் வருபவருக்கு முன்பணம் கேளாமல் சிகிச்சை செய்ய வேண்டும் என்ற விதியைக் கண்டு தனியார் டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1984-இல் முன்பணத்துக்காக வாசலில் நின்றவன் என்ற முறையில் என் மனம் அந்தச் சட்டத்தின் பக்கமே சாய்ந்தது. ஆனாலும் அந்தச் செலவைச் சர்க்கார் எப்போது கொடுக்கும், எந்தக் கணக்கில் கொடுக்கும் என்று டாக்டர்கள் கேட்டதில் தவறு காணவும் என்னால் முடியவில்லை. உரிமையை வழங்குகிறவர் கஜானாவைத் திறக்காமல் வாயை மட்டும் திறந்தால், அந்த உரிமை இரண்டு எளியவர்களுக்கு நடுவே சண்டை மூட்டுவதோடு நின்றுவிடும்.

இனி, இது தர்மம் ஆகாது என்று நான் ஏன் இத்தனை உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். தர்மம் என்பது கொடுப்பவர் தம் பொருளைக் கொடுப்பது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் நமக்குக் கொடுக்கும் பொருள் எவருடையது? வருமான வரி கட்டுகிறவர்களுடையது என்று படித்தவர்களே பலர் நினைக்கிறார்கள். என் தகப்பனார் தம் ஆயுளில் ஒரு தடவையும் வருமான வரி கட்டியதில்லை. கட்டும்படியான வருமானம் அவருக்கு வந்ததில்லை. ஆனால் அவர் வாங்கிய தீப்பெட்டியிலும் சோப்பிலும் மண்ணெண்ணெயிலும் பீடிக்கட்டிலும் வரி கட்டினார். ஏறிய பஸ் சீட்டில் கட்டினார். தம் காலுக்கு வாங்கிய செருப்பில் கட்டினார். வாழ்நாள் முழுவதும் காசு காசாகக் கட்டியவர் ஒரு மார்கழி இரவில் தம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தபோது அவருக்குத் தர்மம் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. தாம் போட்டுவைத்த இடத்தில் எடுக்க வந்தவர் அவர்.

இந்த ஞானம் சித்தித்தது சிறந்த தத்துவ சாஸ்திரிகளுக்கல்ல, வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு. டிரெடிகார் என்ற நிலக்கரி ஊரில் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றை நடத்திவந்தார்கள். டாக்டரும் தாதியும் அந்தச் சங்கத்தின் சம்பளத்தில் வேலை செய்தார்கள். நோய் வந்தவர் எவரிடமும் கையேந்தாமல் போய் வைத்தியம் செய்துகொண்டார். அந்த ஊரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே தாமும் சுரங்கத்தில் இறங்கிய அனூரின் பெவன், பிற்காலத்தில் பிரிட்டனின் சுகாதார மந்திரியாகி, 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி, பிரபுவுக்கும் பாட்டாளிக்கும் ஒரே வாசல் என்ற நியமத்தோடு தேசியச் சுகாதார சேவையைத் தொடங்கிவைத்தார். மூன்றே ஆண்டுகளில் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வைக்க அவர் கட்சியின் அரசே முற்பட்டபோது, அவர் பதவியைத் துறந்தார். பல்செட்டுக்காக மந்திரிப் பதவியை விடுவாரா என்று அன்று வியந்தவர்கள் இருக்கலாம். ஒரு வாசலில் கட்டணப் பெட்டி வைத்தால் அடுத்த வாசலிலும் அது வந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் தேசத்திலும் அதே காலத்தில் இந்த எண்ணம் உதித்ததுண்டு. போர் (Bhore) என்பவரின் தலைமையில் 1943-இல் அமைந்த சுகாதாரக் கமிட்டி 1946-இல் தன் அறிக்கையைக் கொடுத்தபோது, பணம் கொடுக்க முடியாத காரணத்தால் எவருக்கும் தக்க வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்பதையே தன் முதற்கொள்கையாக வைத்தது. சென்னை ராஜதானி அதற்கும் முன்பே, 1939-இல், பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் அரசியல் சாசனம் எழுதியவர்கள் ஜனங்களின் ஆரோக்கியத்தை 47-ஆவது ஷரத்தில், நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாத வழிகாட்டும் கொள்கைகளோடு சேர்த்துவிட்டார்கள். நாட்டில் அன்று இருந்த தரித்திரத்தை நினைத்தால் அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தரித்திரம் தீர்ந்துவந்த காலத்திலும் மனப்பான்மை தீரவில்லை. 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைச் சர்க்கார்கள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று குறி வைத்தது. 2021-22-ஆம் ஆண்டுக் கணக்கில் அது 1.84 பங்கு. நாட்டின் வைத்தியச் செலவில் ஜனங்கள் தம் மடியிலிருந்து நேரே எடுத்துக் கொடுப்பது 2013-14-இல் நூற்றுக்கு 64 பங்காக இருந்து, 2021-22-இல் ஏறத்தாழ 39 பங்காகக் குறைந்தது. குறைந்தது சந்தோஷமே. ஆனாலும் அந்த 39 பங்குக்குள் எத்தனை தறிகள் கழன்றுபோயிருக்கும்!

இதுவரை சொன்னதெல்லாம் நியாயத்தைப் பற்றியது. நியாயம் நோயைத் தீர்க்காது; மருந்துதான் தீர்க்கும். என் முழு அபிப்பிராயத்தையும் ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால், வைத்தியம் என்ற பாத்தியதை சட்டப் புத்தகத்தில் குடியிருப்பதைவிட அதிகமாக மருந்துக் கிடங்கில் குடியிருக்கிறது என்பேன். அலமாரி காலியாயிருக்கும் ஆஸ்பத்திரியின் சுவரில் எத்தனை உரிமைப் பட்டயங்களை மாட்டினாலும், வெளிக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் எழுதிக்கொடுக்கும் அந்தச் சீட்டு அத்தனை பட்டயங்களையும் ரத்து செய்துவிடுகிறது.

இந்த உண்மையை நன்றாக உணர்ந்து தமிழ்நாட்டில் செய்த ஒரு காரியத்தைப் போற்றாமல் இருக்க என்னால் இயலாது. 1994-இல் ஏற்படுத்தி, 1995 ஜனவரி முதல் மருந்து விநியோகத்தைத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத்தான் சொல்கிறேன். அது வருமுன் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஒரு மருந்து குவிந்து கெட்டுப்போவதும், மற்றொன்று மாதக்கணக்கில் இல்லாதிருப்பதும் சகஜம். கழகம் செய்தது மாயமல்ல, ஒழுங்கு. அத்தியாவசியமான மருந்துகள் இவை என்று பட்டியல் போட்டது. கம்பெனிகள் சூட்டிய பகட்டுப் பெயரைத் தள்ளி, மருந்தின் மூலப்பெயரில் மொத்தமாக டெண்டர் கேட்டது. வந்த சரக்கில் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயர் தெரியாதபடி மறைத்துப் பரிசோதனைச் சாலைகளுக்கு அனுப்பியது. தேறிய மருந்தை மாவட்டக் கிடங்குகளில் வைத்தது. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும், ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் பாஸ் புத்தகம் ஒன்று கொடுத்து, அதில் குறித்த தொகை தீரும்வரை தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்ளச் செய்தது. விற்பனைக்கல்ல என்று அச்சிட்ட மாத்திரை அட்டையை நாம் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறோம். கேரளமும் ராஜஸ்தானமும் பிற்பாடு இதே வழியில் தத்தம் கழகங்களை அமைத்துக்கொண்டன. அந்தப் பாஸ் புத்தகத்தைப் பற்றி முதன்முதலில் படித்தபோது, பல் பல்லாக வெட்டி ஒட்டிய எங்கள் பழைய காகிதத் துண்டு என் நினைவுக்கு வந்தது. இனி எவரும் எண்ணிப் பார்க்கலாம். எண்ணிப் பார்ப்பதற்காகவே எழுதிவைத்த கணக்கு இது.

அதன் பின்னரும் பல நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கி முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் நடந்துவரும் உதவி இன்று 18,000 ரூபாயாக வளர்ந்திருக்கிறது. 2008 முதல் 108 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வண்டி வருகிறது. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ராஜ்யத்துக்காரராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவைச் சர்க்கார் ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. ஸ்கூட்டரில் சென்று மாண்டவருக்காக 1989-இல் நீதிமன்றம் சொன்ன வார்த்தை, 32 ஆண்டுகளுக்குப் பிறகு நம் ஊரில் கணக்குத் தலைப்பாக மாறிய விதம் இதுதான்.

குறைகளை மறைப்பதும் முறையல்ல. முதலமைச்சர் பெயரிலான காப்பீட்டுத் திட்டத்தில் சேர வருமானச் சான்று வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டிருக்க வேண்டும். கோட்டுக்கு ஓர் அடி அப்பால் நிற்கும் சிறு கடைக்காரர் ஒருவருக்கு இருதய நோய் வந்தால், ஒரே வருஷத்தில் அவரும் அந்தக் கோட்டுக்குள் வந்துவிடுவார். ஆனால் அதற்குள் கடை போயிருக்கும். தான் ஏழை என்று நிரூபித்த பிறகே கிடைக்கும் உதவியில் பழைய தர்மத்தின் வாசனை இன்னும் சற்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைவிட மனம் நோகச் செய்வது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கும் பிறந்த குழந்தையைத் தாயின் மடியில் கொண்டுவந்து காட்டுவதற்கும் கைநீட்டுகிற வழக்கம் சில இடங்களில் ஒழியாதிருப்பது. அங்கே பறிபோவது இருபது ரூபாயோ ஐந்நூறு ரூபாயோ மட்டுமன்று. பாத்தியதையாக வந்ததை அந்தக் கைநீட்டல் மறுபடியும் சலுகையாக மாற்றிவிடுகிறது. கொடுத்து வாங்கிக்கொள்ளும் நாமும் அந்த மாற்றத்துக்கு உடந்தையாகிறோம்.

இலவசமாகக் கொடுத்தால் ஜனங்கள் மதிக்கமாட்டார்கள், வீணாக்குவார்கள் என்று சொல்லும் நண்பர்கள் எனக்குண்டு. சினிமாக் கொட்டகையை இலவசமாக்கினால் கூட்டம் கூடும். ஊசி போடும் அறையை இலவசமாக்கினால், ஆசைக்காக ஒருவனும் கையை நீட்டமாட்டான். மதிப்பைப் பற்றியோ, நான் சொல்வதைவிட என் தாயார் செய்வதைச் சொன்னால் போதும்.

அம்மாவுக்கு இப்போது 86 வயதாகிறது. அதே ஊரில், அதே வீட்டில், என் தம்பியோடு இருக்கிறாள். குழியைத் தூர்த்து வெகுகாலமாயிற்று. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் அவள் சாப்பிடும் மாத்திரைகளை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், சுகாதாரத் தன்னார்வலரான ஒரு பெண் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறாள். சென்ற மாதம் நான் ஊரில் இருந்தபோது அந்தப் பெண் வந்தாள். அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிக் கொதிப்பைப் பார்த்தாள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தாள். இரண்டையும் குறித்துக்கொண்டு மாத்திரை அட்டைகளைக் கொடுத்தாள். அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டைகளை மடியில் பரப்பி, ஒவ்வொரு மாத்திரையாக விரலால் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். அந்தப் பெண்ணும் அவசரப்படாமல் காத்திருந்தாள்; அவளுக்கு இது பழக்கந்தான் போலும். "சரியா இருக்கா ஆச்சி?" என்று கேட்டாள். "இருக்கு தாயீ, மோர் குடிச்சிட்டுப் போ" என்றாள் அம்மா.

அவள் போன பிறகு நான் கேட்டேன்: "ஏம்மா, அந்தப் பிள்ள முன்னாலயே எண்ணணுமா?"

அம்மா அட்டைகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "எண்ணாம என்னய்யா? நமக்கு வரவேண்டியதுதான."

1965-இல் தர்மாஸ்பத்திரி வாசலில் என் தோளை அழுத்தியவளின் வாயிலிருந்து இந்த வார்த்தை வருவதற்கு அறுபது வருஷம் ஆகியிருக்கிறது. அவளுக்கு 21-ஆவது ஷரத்து தெரியாது. பெவனையும் போர் கமிட்டியையும் அவள் அறியமாட்டாள். பாத்தியதை என்றால் என்னவென்று அவளைவிடச் சுருக்கமாக எந்த நீதிபதியும் சொல்லி நான் வாசித்ததில்லை.

இதைப் படிக்கும் நண்பர்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. அடுத்த முறை சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனால், கொடுக்கிறவரிடம் மரியாதையோடு பேசுங்கள், நன்றியும் சொல்லுங்கள், ஆனால் மாத்திரையை எண்ணி வாங்குங்கள். குறைந்தால் கேளுங்கள். உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் முதியவருக்கு எண்ணத் தெரியாவிட்டால், அவருக்காகவும் எண்ணுங்கள். அது நமக்கு வரவேண்டியது.